6,800 ரூபாய்க்குப் போலிக் காப்பீட்டு அட்டை, போலி ஸ்கேன் டோக்கன்: சேலம், ஏற்காட்டுக்காரர்கள் கவனத்துக்கு

நேற்று மத்தியானம் வரைக்கும் காசு திரும்பி வரும் என்று ஒரு நப்பாசை இருந்தது. பாதி இறக்கிய ஷட்டருக்கு முன்னால் நின்று பேசிவிட்டு வந்தபிறகு அதுவும் போய்விட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். போன தொகை 6,800 ரூபாய்.

கடைப் பெயரைப் போடவில்லை. சேலத்தில் அரசு ஆபீஸ்கள் இருக்கிற பக்கமெல்லாம் பார்த்திருப்பீர்கள்: ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு, ரயில் டிக்கெட், 'அனைத்து ஆன்லைன் சேவைகளும் செய்து தரப்படும்' என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கும். அந்த ரகம். அரசு இ-சேவை மையம் கிடையாது. ஆனால் கண்ணாடிக் கதவில் கோபுரச் சின்னத்தை ஸ்டிக்கராக ஒட்டி வைத்திருந்தான்.

ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கி வந்த பெரியம்மாவுக்கு இடுப்பு வலி, வலது கால் மரத்துப்போகிறது. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் பார்த்த டாக்டர் இடுப்புப் பகுதி முதுகுத்தண்டுக்கு எம்.ஆர்.ஐ. எழுதினார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் காசு கிடையாது. அட்டை இல்லை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று ஆரம்பித்தபோது எடுத்த பழைய அட்டைதான் பெட்டியில் கிடந்தது. 2012 ஜனவரியில் திட்டமே பெயர் மாறிப் புதிதாக வந்துவிட்டது. அந்தப் பழைய அட்டை இப்போது செல்லாது. சரி, புதிதாகப் போடலாம் என்று ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில்தான் வலை.

"எதுக்குங்கக்கா ஜெராக்ஸ்? காப்பீட்டுக்கா? கலெக்டர் ஆபீஸ்ல போய் நின்னீங்கன்னா ரெண்டு மாசம் இழுப்பாங்க. ஸ்கேனுக்கு டேட் மூணு மாசம் தள்ளிப் போடுவாங்க. பெரியம்மாவைப் பார்த்தா உக்காரவே முடியலையே" என்றான். கணக்கும் அவனே சொன்னான். வருமானச் சான்றுக்கு 1,500. காப்பீட்டு அட்டைக்கு 2,500. ஸ்கேன் தேதியை முன்னுக்கு இழுக்க 3,000. ஆக 7,000.

நான் தயங்கியதும் போனை ஸ்பீக்கரில் போட்டு, "சார், நம்ம வீட்டு ஆளுங்க, ஏற்காடு, எம்.ஆர்.ஐ. ஸ்பைன்" என்றான். அந்தப் பக்கத்துக் குரல் "புதன்கிழமை காலைல அனுப்பு" என்றது. இதற்கும்கூட நான் முழுசாக மசியவில்லை. இந்த மாதிரி நாடகம் எத்தனை பார்த்திருக்கிறோம்! விழுந்தது எங்கே என்றால், 7,000-ஐ எண்ணி வாங்கியவன் அதிலிருந்து ஒரு 200 ரூபாய்த் தாளை உருவிப் பெரியம்மா கையில் திணித்து, "மலைக்குப் போற பஸ் செலவுக்கு வெச்சுக்கோங்க பெரியம்மா" என்றான். ஏமாற்றுகிறவன் காசைத் திருப்பித் தருவானா என்று மனசு இளகிவிட்டது. 200 கொடுத்து 6,800-ஐ எடுத்துக்கொண்டான்.

இனி ஒவ்வொன்றாக என்ன செய்திருக்கிறான் என்று பாருங்கள். இதே ரகக் கடையில் இதே வேலையைக் கொடுத்திருப்பவர்கள் இன்றைக்கே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வருமானச் சான்று. இது மட்டும் நிஜமாகவே விண்ணப்பித்திருக்கிறான். அதனால்தான் விவகாரம் இன்னும் சிக்கலானது. இ-சேவையில் இதற்கான கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாலுகா ஆபீஸ் என்று மேலே போகும். ஏற்காடு தனித் தாலுகா என்பதால் மலைக்காரர்கள் இதற்காக 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வரவே வேண்டாம், மேலேயே போட்டுவிடலாம். இவன் செய்த கோளாறு இரண்டு. விண்ணப்பிக்கும்போது 'கேன்' எண் என்று ஒன்று உருவாக்குவார்கள், குடிமக்களுக்கான பதிவு எண். அதில் எந்த செல் நம்பர் பதிவாகிறதோ அதற்குத்தான் ஓ.டி.பி.யும் குறுஞ்செய்தியும் போகும். இவன் தன் கடை நம்பரைப் போட்டுக்கொண்டான். விண்ணப்பம் எங்கே நிற்கிறது, சான்று வந்துவிட்டதா என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது. இரண்டாவது இன்னும் மோசம். மாச வருமானம் பன்னிரண்டாயிரம் என்று அவனாகவே குத்துமதிப்பாக அடித்திருக்கிறான். வருஷத்துக்கு 1,44,000. காப்பீட்டுத் திட்டத்துக்கு உச்சவரம்பு வருஷம் 1,20,000. அந்தச் சான்றை வைத்துக்கொண்டு எங்கே போனாலும் தகுதி இல்லை என்றுதான் சொல்வார்கள். காப்பித் தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு 1,44,000! ஏற்காடு தாலுகா ஆபீஸ் இ-சேவையில் ஆதாரைக் கொடுத்துத் தேடியபோதுதான் இதெல்லாம் வெளியே வந்தது. இப்போது சரியான வருமானத்தோடு, எங்கள் செல் நம்பரோடு, திரும்ப 60 ரூபாய் கட்டிப் போட்டிருக்கிறோம்.

அடுத்தது அட்டை. நாலே நாளில் பளபளவென்று பிளாஸ்டிக் அட்டை தந்தான். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இந்த அட்டையைக் கடைக்காரன் தட்டச்சு செய்து தர முடியாது. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கிற காப்பீட்டுப் பதிவு மையத்துக்கு நேரில் போக வேண்டும். அங்கே போட்டோவும் கைரேகையும் எடுத்துப் பதிவார்கள். ஒரு பைசா கட்டணம் கிடையாது. இவன் தந்த அட்டையில் இருந்தது ஆதாரிலிருந்து வெட்டி எடுத்த போட்டோ, தலைக்குப் பின்னால் ஆதாரின் கோடுகூடத் தெரிகிறது. ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் அந்த எண்ணைத் தட்டியதும் திரையில் வந்தது வேறு ஏதோ குடும்பம். யாரோ ஒருத்தருடைய அட்டையை ஸ்கேன் செய்து, பெயரையும் போட்டோவையும் மட்டும் மாற்றியிருக்கிறான். இது 6,800 ரூபாய் சமாச்சாரம் மட்டும் இல்லை. தெரியாமல் இதைக் காட்டி சிகிச்சைக்கு விண்ணப்பம் போயிருந்தால் ஆள்மாறாட்டம் என்று பெரியம்மா தலையில்தான் விழுந்திருக்கும்.

உங்கள் கையில் இருக்கிற அட்டை நிஜமா என்று பார்க்க 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டு அட்டை எண்ணைச் சொன்னாலே போதும், யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளலாம். அட்டை தொலைந்தவர்களும் புதிதாகக் காசு கொடுத்து எடுக்க வேண்டியதில்லை. ரேஷன் கார்டு எண்ணை வைத்துத் திட்டத்தின் இணையதளத்திலேயே மின் அட்டையை எடுத்துக்கொள்ளலாம். சிலர் வீட்டில் பதிவு ஏற்கெனவே இருக்கும், அது தெரியாமலே புதிய அட்டைக்கு அலைவார்கள்.

மூன்றாவது டோக்கன். வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். வந்தது. புதன் காலை 7 மணி, வரிசை எண் 14, கீழே ஊதா நிறத்தில் முத்திரை, பக்கத்தில் கியூ.ஆர். கோடு. அந்தக் கோடை ஸ்கேன் செய்தால் எந்தத் தளத்துக்கும் போகவில்லை. பெரியம்மா பெயரும் தேதியும் வெறும் எழுத்தாக வருகிறது, அவ்வளவுதான். அப்படி ஒரு கோடு எந்த போனிலும் இலவசமாக ஒரு நிமிஷத்தில் செய்துகொள்ளலாம். மறுபடி மலையேறாமல் சேலத்திலேயே தங்கவைத்து, புதன்கிழமை விடியற்காலை கூட்டிப்போனோம். ஸ்கேன் கவுண்டரில் இருந்தவர் காகிதத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இப்படி ஒரு டோக்கனே நாங்க கொடுக்கறதில்லைங்க. டாக்டர் சீட்டு எங்கே?" என்றார்.

டாக்டர் சீட்டைக் காட்டினோம். அங்கேயே நோட்டில் எழுதித் தேதி கொடுத்தார். எட்டு நாள் தள்ளி, வியாழக்கிழமை. இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தத் திங்கட்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போகாமல் நேரே இந்தக் கவுண்டருக்கு வந்திருந்தால் இதே எட்டு நாள் கணக்கில் செவ்வாய்க்கிழமையே முடிந்திருக்கும். 3,000 வாங்கிக்கொண்டு அவன் 'முன்னுக்கு இழுத்த' தேதி அதற்கும் மறுநாள்.

வரிசை ஏன் நீள்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் இந்த மாதிரி ஆட்கள் அதையே காட்டிப் பயமுறுத்துவார்கள். எம்.ஆர்.ஐ. எக்ஸ்ரே மாதிரி நொடியில் முடிகிற வேலை இல்லை. ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம் முதல் முக்கால் மணி நேரம் வரை பிடிக்கும், மருந்து செலுத்தி எடுத்தால் இன்னும் கூடும். நடுவில் விபத்தில் தலையில் அடிபட்டவரோ பக்கவாதம் வந்தவரோ வந்தால் அவர்களுக்குத்தான் முதல் இடம், ஓ.பி. ஆட்கள் காத்திருக்க வேண்டியதுதான். அது நியாயமும்கூட. எந்தப் புரோக்கரும் இந்த வரிசையை நகர்த்த முடியாது. நகர்த்தக்கூடியது ஒன்றே ஒன்று. கால் திடீரென்று பலவீனமாகிறது, சிறுநீர் அடக்க முடியவில்லை அல்லது போகவே முடியவில்லை, உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லை என்றால் தேதிக்காகக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே போய்ச் சொல்லுங்கள். மலையில் இருந்தால் 108.

அட்டை கைக்கு வராவிட்டாலும் ஸ்கேன் நிற்காது. அரசு ஸ்கேன் மையத்தில் எம்.ஆர்.ஐ. 2,500 ரூபாய், சி.டி. 500, கட்டினால் ரசீது உண்டு. நாங்களும் இப்போது அதைத்தான் கட்டப்போகிறோம். முழுக் காசு கொடுத்து எடுத்தாலே 2,500-ல் முடிகிற வேலைக்கு 6,800-ஐ ஒருத்தனிடம் தூக்கிக் கொடுத்திருக்கிறோம், அதுவும் 'இலவசமாக' எடுத்துத் தருவதற்கு.

பிறகு நடந்த அலைக்கழிப்பைச் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. புதன்கிழமை: "சாருக்கு டூட்டி மாறிடுச்சுக்கா, நாளைக்குப் பேசறேன்." வியாழன்: "சர்வர் டவுன்." வெள்ளி: போன் எடுக்கவில்லை, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். சனிக்கிழமை கடைப் பையன், "அண்ணன் வெளியூர் போயிருக்காருங்க." அண்ணனுடைய வண்டி வாசலில் நிற்கிறது! திங்கள்: "சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தேன்ல, அதுக்குச் சரியாப் போச்சு." நேற்று: "காசு கொடுத்ததுக்கு ரசீது இருக்கா?" ரசீது இல்லை. 4,800 ரொக்கம். 2,000 மட்டும் ஜிபேயில் போனது, அதுவும் கடைப் பெயருக்கு இல்லை, ஏதோ ஒரு பெண் பெயருக்கு. போலி அட்டையை மேசைமேல் வைத்ததும் அதைப் பிடுங்கப் பார்த்தான். நல்லவேளை, கை முந்திக்கொண்டது.

போலீஸில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியாயிற்று. ஜிபேயில் போன 2,000-க்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார். அங்கே எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது, நாங்கள் நாலு நாள் அவன் பேச்சை நம்பி வீணடித்துவிட்டோம். வருகிற திங்கள் கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் அட்டையின் நகலோடு மனு. நகலை எடுக்க வேறு ஜெராக்ஸ் கடை பார்த்தாயிற்று.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாக: கேன் பதிவில் உங்கள் செல் நம்பர்தான் இருக்க வேண்டும், ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விண்ணப்ப எண் அச்சான ஒப்புகைச் சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். வருமானச் சான்று ஒரு வருஷம்தான் செல்லும், பழையதை எடுத்துக்கொண்டு மலையிறங்காதீர்கள். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் பெயர் வேறுவேறாக இருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள், பதிவு மையத்தில் அங்கேதான் மாட்டும். மருந்து செலுத்தி எடுக்கிற ஸ்கேன் என்றால் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற) ரத்தப் பரிசோதனை முடிவு கையில் வேண்டும், அது இல்லாமல் போனால் அன்றைய தேதி போய்விடும். உடம்புக்குள் பேஸ்மேக்கர், பழைய ஆபரேஷனில் வைத்த தகடு, கிளிப் எது இருந்தாலும் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். தாலி, தோடு, மூக்குத்தி, மெட்டி, ஹேர்பின் எல்லாம் கழற்ற வேண்டும். வருஷக்கணக்கில் போட்டிருக்கிற மெட்டி வாசலில் நின்று கழற்றினால் வராது.

நாளை வியாழக்கிழமை. பெரியம்மாவின் மெட்டியை இன்றைக்கே சோப்புப் போட்டுக் கழற்றி மஞ்சள் பையில் முடிந்தாயிற்று. அந்த 200 ரூபாயும் அதே பையில்தான் இருக்கிறது, தொடவே மாட்டேன் என்கிறார்.