பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டில் ஆயில் இன்ஜெக்ஷன்: அளந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும்

அவுட்போர்டு என்பது படகின் பின்புறம் மாட்டும் மோட்டார். டூ-ஸ்ட்ரோக் வகையில் அதன் கிராங்க்கேஸில் (கிராங்க் சுழலும் கூட்டில்) ஆயில் தேங்கி நிற்பதில்லை. பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் சேர வேண்டிய ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. கையால் கலந்து ஊற்றினால் ஆயில் போயிற்றா என்ற சந்தேகம் எழாது, ஊற்றியவருக்கே தெரியும். 1980களின் நடுவில் ஆயிலைத் தானாகச் செலுத்தும் இன்ஜெக்ஷன் பரவலாக வந்தபின் அந்த வேலையை ஒரு சின்ன பம்ப் எடுத்துக்கொண்டது. இன்று ஓடும் பல மோட்டார்களில் அந்த பம்புக்கு 25 முதல் 40 வயது. பல சீசன் ஓட்டிப் பார்த்ததில் ஒன்று தெளிவு: பம்ப் லேசில் சாவதில்லை. அதைச் சுற்றியுள்ள ஹோஸ், மூடி, பிளாஸ்டிக் பல்சக்கரம் ஆகியவைதான் காலை வாரிவிடுகின்றன. அப்படி வாரும்போது அலாரம் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை.

ஏனென்றால் பழைய மாடல்கள் பலவற்றில் அலாரத்தை இயக்குவது டேங்குக்குள் இருக்கும் மிதவை. டேங்கில் ஆயில் குறைந்தால் அது தாழ்ந்து சுவிட்சைத் தொடும், பஸ்ஸர் அடிக்கும். பம்ப் நின்றுபோனால் டேங்கில் ஆயில் குறையவே குறையாது, மிதவையும் நிம்மதியாக மேலேயே நிற்கும். மெர்க்குரி நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் வி6 மாடல்களில் பம்ப் ஷாஃப்ட் சுற்றுகிறதா என்று பார்க்கும் தனி சென்சார் உண்டு. ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களைச் செய்த ஓஎம்சியின் பிந்தைய விஆர்ஓ (ஆயில் விகிதத்தை மாற்றித் தரும் முறை) பம்புகளில் ஆயில் வராவிட்டால் அறிவிக்கும் சென்சார் உண்டு. உங்கள் மோட்டாரில் எது இருக்கிறது என்பதைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். எது இருந்தாலும் சீசன் தொடக்கத்தில் சாவியைப் போட்டு, மிதவையை டேங்கிலிருந்து வெளியே எடுத்துக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பஸ்ஸர் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மல்டிமீட்டரில் சுவிட்சின் தொடர்ச்சியைப் பார்த்தபின் பஸ்ஸர் ஒயரைத் தொடுங்கள்.

அடுத்து, ஆயில் எந்த இடத்தில் கலக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சோதிக்கும் முறை முழுக்க இதைப் பொறுத்தது. யமஹா வகையில் கிராங்க் சுழற்றும் பம்பிலிருந்து தனித்தனிக் குழாய்கள் கார்புரேட்டரைத் தாண்டி, சிலிண்டருக்குள் போகும் வழியான இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகின்றன. ஒரு குழாய் அடைத்தால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் காய்ந்து சாகும், மற்றவை ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மெர்க்குரி வகையில் கார்புரேட்டருக்கு முன்னாலேயே பெட்ரோல் லைனில் ஆயில் சேர்கிறது. நின்றால் எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே கதி. ஓஎம்சியின் விஆர்ஓ பெட்ரோல் பம்பும் ஆயில் பம்பும் சேர்ந்த ஒரே டப்பா. கிராங்க்கேஸ் அழுத்தத்தின் துடிப்பால் இயங்கும், திராட்டிலோடு இணைக்கும் கம்பி கிடையாது.

இப்போது அளவு. 50:1 என்றால் 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில், அதாவது லிட்டருக்கு 20 மி.லி., 100:1 என்றால் 10 மி.லி. முழு திராட்டிலில் பெரும்பாலான பம்புகள் 50:1 பக்கம் கொடுக்கும், ஐடிலில் 100:1 அல்லது அதைவிட மெலிதாகக் கொடுக்கும். ஆரம்பகால விஆர்ஓ ஐடிலில் 150:1 வரை போகும்படியே அமைக்கப்பட்டது. ஆகவே மெதுவாக ஊர்ந்த நாளில் ஆயில் குறைவாகப் போனால் பதற வேண்டாம்.

தொடர்ந்து பயன்படுத்த இதைவிட எளிய சோதனை கிடையாது: படகைச் சமமாக நிறுத்தி, ஆயில் டேங்கின் வெளிப்புறத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி அதன் மேல்விளிம்பு வரை ஆயில் ஊற்றுங்கள். பெட்ரோல் டேங்கையும் நிரப்புங்கள். வழக்கம்போல ஓட்டிவிட்டு வந்து, அதே நிலையில் படகை நிறுத்தி, அளவு ஜாடியால் இரண்டையும் மறுபடி நிரப்புங்கள். பெட்ரோல் 60 லிட்டர், ஆயில் 900 மி.லி. பிடித்தால் விகிதம் ஏறக்குறைய 67:1, வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓட்டிய நாளுக்குச் சரியான எண். பெரும்பகுதி வேகமாக ஓட்டியும் 100:1-ஐத் தாண்டினால் அன்றே காரணம் தேடுங்கள். 40:1-க்குக் கீழே வந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது ஆயில் அளவை மாற்றும் பம்ப் லீவர் சரியாக அமையவில்லை. இன்ஜின் மேல் ஒரு டேங்க், படகுக்குள் ஒரு டேங்க் என்று இரண்டு இருக்கும் மாடல்களில் மேல் டேங்க் இரண்டு முறையும் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கணக்கு பொய்யாகும். ஒரு தடவை அளந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். மூன்று நான்கு தடவை எழுதி வைத்த நோட்டில்தான் போக்கு தெரியும்.

எண் சந்தேகமாக இருந்தால் பம்பின் வெளியேற்றத்தை நேராக அளக்க வேண்டும். ஆயில் குழாயைக் கழற்றியபின் மோட்டாருக்கு ஆயிலே போகாது. அதனால் தனி கேனில் 20 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மி.லி. ஆயில் கலந்து அதிலிருந்து ஓட்டுங்கள். இந்த ஒரு படியை விட்டவர்களின் பிஸ்டன்தான் சோதனையின்போதே உரசிப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் ஹோஸை மாட்டி, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஓட்டுங்கள். பல குழாய் பம்பாக இருந்தால் மேனிஃபோல்டு முனைகளை ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும், இல்லையேல் காற்று நுழைந்து பெட்ரோல் கலவை மெலிந்து அந்தச் சிலிண்டர் சூடேறும். பிஸ்டன் தண்டை உருவிய, நுனி அடைத்த 10 மி.லி. சிரிஞ்சுகளை வரிசையாக டேப்பில் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு குழாயை விடுங்கள். எத்தனை சுழற்சியில், எத்தனை நிமிடத்துக்கு, லீவர் எந்த நிலையில் எத்தனை மி.லி. வர வேண்டும் என்பது மேனுவலில் உங்கள் மாடலுக்கென்றே போட்டிருக்கும். மேனுவல் கையில் இல்லாவிட்டாலும் சிரிஞ்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். மற்றதில் 4 மி.லி. நிற்கும்போது ஒன்றில் மட்டும் 1 மி.லி. என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது, பெரும்பாலும் அந்தக் குழாயின் செக் வால்வுதான் (ஆயிலை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு).

கழற்றாமல் பார்க்க ஒரு வழி உண்டு. ஒளி ஊடுருவும் ஆயில் குழாயில் சின்னக் குமிழி ஏதாவது தங்கியிருந்தால், அதன் விளிம்பில் மார்க்கரால் கோடு போட்டுவிட்டு ஐடிலில் ஓட விடுங்கள். குமிழி ஒழுங்காக நகராது. நிற்கும், ஒரு மயிரிழை தாவும், மறுபடி நிற்கும். லீவரை விரலால் முழுக்கத் திருப்பினால் தாவல் பெரிதாகும். திருப்பியும் வேகம் மாறாவிட்டால் பம்பின் உள்ளே தேய்மானம். மோட்டாரை நிறுத்தியபின் குமிழி தானாக ஊர்ந்தால் செக் வால்வு பிடிக்கவில்லை. நிறுத்தி வைத்த நாட்களில் ஆயில் கசிந்து உள்ளே தேங்கும், அடுத்த தடவை ஸ்டார்ட் செய்யும்போது புகை மண்டும், பிளக் நனையும். விஆர்ஓவில் ஆயில் உள்ளே வரும் பக்கம் தெளிவான குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினால், பம்பின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஆயில் முன்னேறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

லீவர் விஷயத்தில் ஒரே ஒரு விதி: கார்புரேட்டர்களைச் சமப்படுத்தி ஐடிலைச் சரிசெய்தபின்தான் ஆயில் பம்பின் இணைப்புக் கம்பியைத் தொட வேண்டும். பல மாடல்களில், திராட்டில் முழுக்க மூடிய நிலையில் லீவரில் உள்ள கோடும் பம்ப் உடலில் உள்ள கோடும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் கோடு மறுபடி விலகிவிடும், எல்லாம் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

பிளாஸ்டிக் பல்சக்கரம் பழைய மெர்க்குரிகளின் பேர்போன பலவீனம். கிராங்க்கில் உள்ள பல்சக்கரம் தேய்ந்தோ உடைந்தோ போனால் பம்ப் ஷாஃப்ட் நின்றுவிடும். பம்பைக் கழற்றி ஷாஃப்டின் பற்களைப் பார்த்தாலே கிராங்க் பக்கத்து நிலைமையும் ஓரளவு தெரியும். தேய்ந்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். அதே மோட்டார்களில் படகுக்குள் இருக்கும் டேங்கில் ஆயில் நிறைய இருந்தும் அலாரம் அடித்தால், உடனே பம்பைச் சந்தேகிக்காதீர்கள். கிராங்க்கேஸ் அழுத்தம்தான் அந்த ஆயிலை மேலே தள்ளுகிறது. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து கெட்டியாகி அழுத்தம் கசிந்தாலே போதும், மேல் டேங்க் காலியாகத் தொடங்கும். பெரிய யமஹாக்களில் இதே வேலையைச் செய்வது மின்சார பம்ப். மேல் டேங்க் ரொம்பக் குறைந்தால் சிவப்பு விளக்கு எரிந்து மோட்டார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஹோஸ்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: மஞ்சளாகி இறுகியிருந்தால் மாற்றுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், பெட்ரோலும் வெப்பமும் பட்டு ஓரிரு சீசனில் அதுவும் இறுகிவிடும். செக் வால்வில் அம்புக்குறி இருக்கும், ஆயில் போகும் திசையில் மாட்டுங்கள்.

ஆயில், டிசி-டபிள்யூ3 (TC-W3, டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கான தரம்) போட்டதாக இருக்க வேண்டும். மோட்டார்சைக்கிள் டூ-ஸ்ட்ரோக் ஆயிலில் சாம்பல் விடும் சேர்மானங்கள் உண்டு. அவுட்போர்டில் அவை பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும். டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்துக் கெட்டியாகி உறிஞ்சு முனையின் வலையை அடைக்கும். ஆண்டுக்கு ஒரு முறை டேங்கைக் கழற்றிக் கவிழ்த்துக் கழுவினால் இந்தத் தலைவலி இல்லை.

டேங்க் ஒரு தடவை காலியாகிவிட்டாலோ குழாயைக் கழற்றினாலோ உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பம்பில் உள்ள காற்றுத் திருகை இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, அடியில் துணி வைத்து, குமிழி இல்லாத ஆயில் வரும்வரை காத்திருந்து இறுக்குங்கள். பிறகு 50:1 கலந்த பெட்ரோலில், லீவரைக் கையால் முழுக்கத் திறந்து பிடித்து, எல்லாக் குழாயிலும் காற்று தீரும்வரை ஓட விடுங்கள். அந்தக் கேன் முழுவதையும் ஓட்டித் தீர்த்து, டேப் அடையாளத்தில் ஆயில் இறங்கியதை உறுதிசெய்தபின் வெறும் பெட்ரோலுக்கு மாறலாம். அதுவரை ஆயில் இரட்டிப்பாகிப் புகை வரத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இன்ஜெக்ஷனையே நீக்கிவிட்டுக் கலந்து ஊற்றலாம் என்பவர்களுக்கு: சிறிய மோட்டாரில் அது நியாயமான முடிவு, பெட்ரோலை விழுங்கும் வி6-ல் வீண் வேலை. நீக்குவதென்றால் முழுக்க நீக்குங்கள். ஆயிலை நிறுத்திவிட்டு பம்பை மட்டும் அப்படியே விட்டால் அது உலர்ந்து சுற்றி இறுகி, பல்சக்கரத்தை உடைத்து, பிளாஸ்டிக் துகளை கிராங்க்கேஸுக்குள் கொட்டும். பம்பைக் கழற்றி, துளையை அதற்கான தகட்டால் மூடி, மேனிஃபோல்டு முனைகளையும் அடையுங்கள். ஆயில் சென்சார் ஒயரைத் துண்டிக்கும்போது, அதே பஸ்ஸருக்குப் போகும் வெப்ப அலாரத்தின் ஒயரையும் சேர்த்துப் பிடுங்கி எறிந்துவிடுகிறவர்கள் நிறைய. அந்த வெப்ப அலாரத்தை விட்டுவையுங்கள், வேலை முடிந்ததும் சிலிண்டர் ஹெட்டில் உள்ள சுவிட்சின் ஒயரை ஒரு நொடி எர்த்தில் தொட்டு, பஸ்ஸர் அடிக்கிறதா என்று கேட்டுவிட்டு மூடியை மாட்டுங்கள்.