வாய்தாவுக்கு அலைபவர்களுக்கு ஒரு செயலி

தம்பியின் கொலை வழக்குக்காக ஆண்டுக்கணக்கில் அமர்வு நீதிமன்ற வராந்தாவில் நிற்கும் எனக்கு, அடுத்த வாய்தா எப்போது என்று வக்கீல் குமாஸ்தாவிடம் கெஞ்சும் வேலையை மிச்சப்படுத்தியது ‘இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்’ என்னும் இலவசச் செயலிதான். எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் உரிய தனி அடையாள எண்ணை, ஒருமுறை சேமித்துவிட்டால், வழக்கின் நிலையும் கடந்த வாய்தாக்களின் வரலாறும் அடுத்த தேதியும் கைப்பேசியிலேயே தெரிவதால், அலுவலகத்தில் முன்கூட்டியே விடுப்பு எழுதிக்கொடுக்க முடிகிறது. சாட்சி விசாரணை தொடங்கினால் நாள்தோறும் தொடர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும், 2024இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தின் 346ஆம் பிரிவும் சொல்லியிருக்க, செயலியில் ‘சாட்சி விசாரணை’ என்ற ஒரே சொல் பதினோரு தேதிகளுக்கு நேரே நிற்பதை, அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நீதிபதி விடுப்பு என்பதை மட்டும் இன்றும் நீதிமன்றப் பணியாளரான டவாலி சொல்லித்தான் அறிகிறோம்.