சாம்பல் கலர் ஃபெர்கியா, செவப்பு வயிறு ஃபோர்டு 8என்னா?

பழைய சின்ன ட்ராக்டர்னு பேச்செடுத்தாலே ரெண்டு கட்சி ஆயிடும். ஒண்ணு இங்கிலாந்து கோவென்ட்ரில செஞ்ச ஃபெர்குசன் டிஇ20, செல்லமா ஃபெர்கி, இன்னொண்ணு அமெரிக்காவோட ஃபோர்டு 8என். ரெண்டும் தலா அஞ்சு லட்சத்துக்கு மேல செஞ்சு இறக்குன வண்டி, ரெண்டும் 25 ஹெச்பி பக்கம், முன்னாடி நாலு கியர் பின்னாடி ஒண்ணு. தள்ளி நின்னு பாத்தா அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், ஏன்னா ரெண்டுக்கும் மூலம் ஒரே ஆளு, வட அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன்.

1938ல அவரும் ஹென்றி ஃபோர்டும் ஒரு கையெழுத்துகூட போடாம, கையக் குலுக்கியே ஒப்பந்தம் முடிச்சாங்க, அடுத்த வருஷமே ஃபெர்குசனோட ஹைட்ராலிக் லிஃப்ட், அதாவது கலப்பைய தூக்கி இறக்குற அமைப்பு வச்சு ஃபோர்டு 9என் வந்துருச்சு. ஃபோர்டு கம்பெனி ஹென்றியோட பேரன் கைக்கு வந்ததும் 1947ல அந்த ஒப்பந்தம் முறிஞ்சுது, ஆனா அதே லிஃப்ட வச்சு 8என் மட்டும் இறங்கிருச்சு. ஃபெர்குசன் கேஸ் போட்டு 25 கோடி டாலருக்கு மேல கேட்டார், 1952ல கெடச்சது 92.5 லட்சம் டாலர்.

அப்படி என்ன பெரிய லிஃப்ட்னா, அதுக்கு முந்தி பல ட்ராக்டர்ல கலப்பைய பின்னாடி கோத்து சும்மா இழுத்துட்டுத்தான் போவாங்க, கொழு பாறைலயோ வேர்லயோ மாட்டிக்கிச்சுன்னா பின் டயர் நின்னுபோய் மூக்கு மேல தூக்கி வண்டியே ஓட்றவர் மேல கவுந்துரும், அப்படி உயிர் போன கதை நெறைய. ஃபெர்குசன் கீழ ரெண்டு கை மேல ஒரு டாப் லிங்க்னு மூணு இடத்துல பிடிக்க வச்சார். கலப்பை மண்ண கிழிக்கும்போது டாப் லிங்க் முன்னாடி தள்ளி முன் சக்கரத்த தரையோட அமுத்தும். அந்த லிங்க் வந்து சேர்ற இடத்துல ஒரு தடி ஸ்பிரிங், லோடு ஏறினா அது அமுங்கி வால்வ திறக்கும், கலப்பை தானா கொஞ்சம் மேல வரும், கலப்பை எடையும் பின் டயர் மேல இறங்கி பிடிப்பு கூடும். சுமார் 1,100 கிலோ வண்டி தன்னவிட பெரிய வண்டி வேலைய பாத்ததுக்கு காரணம் இதுதான். இன்னைக்கு நம்ம வயல்ல ஓடுற எந்த ட்ராக்டர் பின்னாடி போய் நின்னாலும் இந்த மூணு பாயிண்ட்தான் இருக்கும்.

இன்ஜின்ல என் ஓட்டு ஃபெர்கிக்குத்தான். ஆரம்பத்துல அமெரிக்க கான்டினென்டல் இன்ஜின், அப்புறம் டிஇ20அ செஞ்சு குடுத்த ஸ்டாண்டர்ட் கார் கம்பெனியோட சொந்த இன்ஜின், ஸ்டாண்டர்ட் வேன்கார்டு கார்லயும் ட்ரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் கார்லயும் போனது இதே குடும்பம். வால்வு மேல இருக்கும், வெட் லைனர், அதாவது சுத்தி தண்ணி நிக்கிற தனி சிலிண்டர் குழாய், தேஞ்சா உருவிட்டு புதுசு போட்டுக்கலாம், பிளாக்க போரிங்குக்கு தூக்கிட்டு அலைய வேணாம். 8என்னுது சைடு வால்வு, அதே ஃபோர்டு கம்பெனியோட மெர்குரி கார் வி8ல பாதின்னே சொல்லலாம், போர் (சிலிண்டர் அகலம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) ரெண்டும் அதே அளவு. சாது இன்ஜின்தான், ஆனா டிஇ20ல 1951ல டீசல் வந்துச்சு, 8என்ல கடைசிவரைக்கும் வரல.

ஸ்டார்ட் பண்ற விதம் எனக்கு ரொம்ப புடிக்கும். ஃபெர்கில கியர் லிவரையே எஸ்ங்கற எடத்துக்கு தள்ளுனாத்தான் ஸ்டார்ட்டர் சுத்தும், அதனால கியர்ல கெடக்கும்போது வண்டி கிளம்பிடும்ங்கற பயமே இல்ல.

ஆனா சீட்ல ஏறி நாள் முழுக்க வேல பாக்கணும்னா 8என்தான், இத ஒத்துக்கத்தான் வேணும். பிரேக் ரெண்டும் வலது கால்ல, கால் வைக்க நல்ல தட்டு. முக்கியமா பொசிஷன் கன்ட்ரோல். டிஇ20ல லோட பாத்துத்தான் லிஃப்ட் ஏறி இறங்கும், உழவுக்கு அது அருமை, மண்ண லெவல் பண்ற பிளேடு மாட்டினா ஒரே உயரத்துல நிக்காது. 8என்ல சின்ன லிவர மாத்தினா போதும், வச்ச எடத்துல நிக்கும்.

குறை ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஒரே கிளட்ச். கிளட்ச மிதிச்சா வண்டியோட சேந்து பிடிஓவும், அதாவது பின்னாடி மாட்டுற கருவிய சுத்துற தண்டும் நிக்கும், லிஃப்ட் பம்ப்பும் நிக்கும். ரொட்டவேட்டர் ஓட்டி பழகுனவங்களுக்கு இது எவ்ளோ தொல்லைன்னு தெரியும். கேஸ் முடிஞ்சதும் ஹைட்ராலிக்க மாத்தியாகணும்னு ஆகி, 8என்னுக்கு அடுத்து 1953ல வந்த ஃபோர்டு என்ஏஏல இன்ஜின்லயே ஓடுற பம்ப் போட்டாங்க.

அதே காலத்துல ட்ராக்டர் பாதி லாரி பாதின்னு வந்தவங்களும் உண்டு. 1948ல லேண்ட் ரோவர், அதுலயும் பிடிஓ மாட்டலாம், உழுதும் காட்டுனாங்க, ஆனா உழவுல ஃபெர்கி பக்கத்துல நிக்காது. ஜெர்மனி யூனிமாக் விவரமானது, சக்கர இடைவெளி 1,270 மில்லிமீட்டர், அதாவது ரெண்டு உருளைக்கிழங்கு வரிசைக்கு சரியா வர்ற மாதிரி அளந்து வச்சாங்க, அறுத்தத ஏத்திட்டு அதே வண்டில சந்தைக்கும் போயிடலாம்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், 1958 ஜனவரி 4ல எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்துக்கு போய் சேந்தது டயர்மேல ட்ராக் மாட்டுன டிஇ20லதான்.

நம்மூர் சம்பந்தமும் இருக்கு. டிஇ20க்கு அப்புறம் 1956ல அதே கோவென்ட்ரில வந்த எஃப்இ35ல பொசிஷன் கன்ட்ரோலும் வந்துச்சு, டபுள் கிளட்சும் கெடச்சுது, அதுதான் மாஸி ஃபெர்குசன் 35 ஆச்சு. 1960ல சென்னைல மாஸி ஃபெர்குசன் ட்ராக்டர் செய்யற டாஃபே கம்பெனி ஆரம்பிச்சுது, எங்க வீட்ல இப்பவும் ஓடுற மாஸி 1035 அந்த வம்சம்தான். பழசுல ஒண்ணு எடுத்து வச்சுக்கோன்னு யாராச்சும் சொன்னா நான் பெட்ரோல் ஃபெர்கி, டிஇஏ20தான் எடுப்பேன், டீசல் வேணாம், குளிர்ல கிளப்பறதுக்குள்ள பேட்டரி போயிடும்.