எழுகடல் தெரு பாத்திரக் கடை: பேர் வெட்டப் போன அனுபவம்

தங்கச்சி மகள் கல்யாணச் சீருக்குப் பித்தளைச் சாமான் வாங்க மதுரை எழுகடல் தெருவுக்குப் போனோம். மீனாட்சியின் அம்மா காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட, சொக்கர் ஏழு கடலையும் வரவழைத்த இடம் என்பார்கள், இப்போது பாத்திரக் கடைகள்தான் நிறைய. நாங்கள் ஏறிய கடை சின்னது. ரெண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் படியில்தான்.

கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு கடையில் "மீனாட்சி சத்தியமா சுத்தப் பித்தளைக்கா" என்று சொல்லி ஒரு ஜோடி விளக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டில் பேரன் விளையாட்டாகக் காந்தத்தை வைக்க, அது பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும், காந்தம் ஒட்டவே கூடாது. பணம் போனதுகூடப் பெரிசில்லை, அதுக்குப் போய் அம்மன் பேரை இழுத்தார்களே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

அந்தச் சூட்டில் இங்கே நானே கேட்டுவிட்டேன், "அய்யா, நல்ல பித்தளைதானே, சாமி சத்தியமா சொல்லுங்க" என்று. பெரியவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "ரெண்டு கிலோ விளக்குக்கு அவளைச் சாட்சிக்குக் கூப்பிடணுமா தாயி?" என்றவர், கல்லா டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து என் கையில் வைத்தார். ஒட்டவில்லை. அப்புறம் தராசில் வைத்து, முள் நிற்கிற வரை காத்திருந்து, எடையை என்னையே வாசிக்கச் சொன்னார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் அழகர்கோவில் பக்கத்துக்காரி. எங்கள் பக்கம் சத்தியம் என்றால் பதினெட்டாம்படிக் கருப்பர் கதவுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், அங்கே பொய் சொல்ல நாக்கு எழாது. அழகரே மதுரைக்குக் கிளம்பும்போது நகைக் கணக்கைக் கருப்பர் முன்னால் வாசித்துவிட்டுத்தான் கிளம்புகிறார். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, பேரம் பேச சாமி பேரை எடுத்தேன்.

அடுத்து பேர் வெட்டுவது. விளக்கு, தாம்பாளம், ஆறு சாப்பாட்டுத் தட்டு, எல்லாத்திலும் "மீனாட்சி துணை" என்று வெட்டச் சொன்னேன். விளக்குக்குச் சரி என்றார், அதிலும் பாதத்தில் வேண்டாம், கீழே வைக்கிறபோது கால் படும், தண்டில் வெட்டலாம் என்றார். தட்டுக்கு ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டார். "எச்சில் படுற இடம். நாளைக்கு விளக்குமாத்துப் பக்கம் கழுவிக் கவுத்துவீங்க." சரி, பொண்ணு பேரையே வெட்டுங்கள் என்றால், அதுவும் அம்மன் பேர்தான்! கொஞ்சம் யோசித்து, "இனிஷியல் போட்டுருவோம், இனிஷியல் இருந்தா அது பிள்ளை பேரு" என்றார். மிஷின் இல்லை, சின்ன உளியும் சுத்தியலும்தான். கடைப் பையன் உட்கார்ந்து டொக் டொக்கென்று வெட்டினான், 'மீ'யின் சுழி மட்டும் ரெண்டு தடவை அழித்துப் பென்சிலில் போட்டுப் பார்த்தான்.

அந்தப் பையனுக்குச் சொக்கர் பேர். வேலை நன்றாக இருந்தால் பெரியவர் முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒரு சொம்பைக் கீழே போட்டு நெளித்தபோது மட்டும் "ஏப்பா, கண்ணு எங்க இருக்கு" என்றார், பேர் வாயில் வரவில்லை. எங்கள் அப்பத்தாவும் இப்படித்தான், முருகன் பேர் வைத்த சித்தப்பாவைத் திட்டும்போது "கரியா" என்பாள்.

குறை என்றால் நேரம்தான். பேர் வெட்டி முடிய ரெண்டு மணி நேரம் ஆச்சு, உட்கார ஒரே ஸ்டூல். ரகமும் குறைவு. பத்துப் பதினைந்து மாடல் பார்த்துத்தான் எடுப்பேன் என்பவர்கள் பெரிய கடைக்குப் போகலாம். விலையும் மற்ற இடத்தைவிடக் குறைவு என்று சொல்ல மாட்டேன், கிலோ கணக்குத்தான், கேட்டாலும் பத்து ரூபாய் இறங்கவில்லை.

கட்டும்போது பையன் பழைய பேப்பரை எடுத்தான், அதில் ஒரு கும்பாபிஷேக விளம்பரம், பெரிய அம்மன் படம். பெரியவர் அதை வாங்கி நாலாக மடித்து அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டு வேற தாள் கொடுத்தார். மேலே ஏற்கெனவே ஒரு கத்தை இருந்தது.