அம்மாவின் முழங்காலை அளக்கக் கோணமானியா, கைப்பேசியா?

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அம்மா முதலில் கேட்டது பினாங்கில் குன்றின்மேல் இருக்கும் தண்ணீர்மலை முருகன் கோயிலைப் பற்றித்தான். 500-க்கும் மேற்பட்ட படிகள். படியேறுவதற்கு முழங்கால் ஏறத்தாழ 90 பாகை மடங்க வேண்டும். அந்த மடக்கத்தை அளக்க எனக்கு மூன்று வழிகள் தென்பட்டன.

பழையது கோணமானி. இரண்டு கைகள் கொண்ட பிளாஸ்டிக் அளவுகோல், அவ்வளவுதான். இயன்முறை சிகிச்சையாளர் அம்மாவின் முழங்காலில் வெளிப்பக்க எலும்பு மேட்டை விரலால் தடவிக் கண்டுபிடித்து, அச்சை அங்கே வைக்கிறார். ஒரு கை தொடையெலும்பின் மேல்முனையை நோக்கி நீள்கிறது, மற்றது வெளிப்பக்கக் கணுக்கால் மேட்டை. அளப்பவர் மாறினால் சில பாகை வேறுபடும். அசையும் காலைக் கோணமானியால் தொடர்ந்து அளக்க முடியாது.

கைப்பேசிக்கு உடலில் எதையும் ஒட்ட வேண்டியதில்லை. கூகுளின் மீடியாபைப் என்ற மென்பொருள் கேமராப் படத்தில் உடலின் 33 புள்ளிகளைக் குறிக்கிறது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் புள்ளிகளை இணைத்தால் கோணம் வந்துவிடும். ஆனால் அது எலும்பைத் தொடுவதில்லை, படத்தைப் பார்த்து ஊகிக்கிறது. அம்மா கைலியோடு நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைப் பின்னுக்கு இழுத்தபோது, முழங்கால் புள்ளி துணி மடிப்போடு சேர்ந்து தாவியது. கைலியைத் தொடைவரை சுருட்டிவிட்டு, கைப்பேசியை மைலோ டின்னில் சாய்த்து, முழங்கால் உயரத்தில் நேர் பக்கவாட்டில் வைத்தேன். அதன் பிறகே எண் நிலைகொண்டது. கேமரா சற்றே முன்பக்கம் திரும்பினாலும் கோணம் தவறிவிடும்; ஆழத்தை ஒற்றைக் கேமரா சரியாக அறியாது. இருந்தாலும், எத்தனை முறை மடக்கினார், பத்தாவது முறையில் கால் சோர்ந்ததா என்பதையெல்லாம் எனக்குக் காட்டியது அதுதான்.

மூன்றாவது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான, உடல் அசைவை அளக்கும் ஓப்பன்கேப் மென்பொருள். குறைந்தது இரண்டு ஐபோன்கள், கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டை, முப்பரிமாண அளவு. நடையை ஆராய அருமையான கருவி. ஆனால் பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் தினமும் இரண்டு முக்காலி நிறுத்த இடமில்லை.

என் முடிவு: தினசரிப் பயிற்சிக்குக் கைப்பேசி, குறித்துவைக்கும் கணக்குக்குக் கோணமானி. போன வாரம் கைப்பேசி 94 காட்டிய அதே நாளில் கோணமானி 88 காட்டியது. அம்மாவின் நாட்காட்டியில் 88 என்றே எழுதினேன். அதற்கு முந்தைய வாரக் கட்டத்தில் 81 இருந்தது.