கீழ் ஓரத்து நிழலும் உடைந்த கொம்பும்

2019 ஜூனில் வாங்கிய ஆறு இஞ்சு மின்னூல் ரீடரில்தான் ஆறு வருடத்துக்கும் மேலாகப் படித்து வருகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகளையும் சேர்த்தே சொல்கிறேன், என் கையில் இருக்கும் ஒரே ஒரு கருவியை வைத்து ஒரு கம்பெனியை எடைபோடுவது நியாயமில்லை.

முதல் குறை வாங்கிய அன்று இரவே தெரிந்துவிட்டது. அறை விளக்கை அணைத்ததும் திரையின் கீழ் ஓரத்தில் நான்கு இடத்தில் மங்கலான நிழல். ரீடரில் இருப்பது ஈ-இங்க் எனப்படும், காகிதம் போலத் தெரியும் திரை. அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. ஓரத்தில் இருக்கும் சின்னச் சின்ன எல்.ஈ.டி. விளக்குகளின் ஒளியை மேலே உள்ள மெல்லிய படலம்தான் திரை முழுக்கப் பரப்புகிறது. விளக்குக்கு ரொம்பப் பக்கத்தில் ஒளி சீராகப் பரவாததால் அந்த நிழல். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பெட்டியில்கூடப் போட்டுவிட்டேன். அப்புறம், ஒரே ஒரு அத்தியாயம் படித்துப் பார்ப்போமே என்று வெளியே எடுத்தேன். மூன்று அத்தியாயம் போன பிறகுதான் நிழல் ஞாபகமே வந்தது. சரி, இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

இதே சமயத்தில் தம்பி வேறொரு ரீடர் வாங்கினான். என்னுடையதைவிடப் பெரிய திரை, மாசு மருவில்லாத வெளிச்சம். ஆனால் தமிழ் நூலைத் திறந்தால் 'கொடு' என்ற சொல்லில் ககரத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டமும் அதில் ஒட்டிய கொம்பும் நிற்கும். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் 'கொ' என்பது ககரம், அதையடுத்து ஒகரக் குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது மென்பொருள்தான் குறியைப் பிரித்து, கொம்பை எழுத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் போட வேண்டும். அந்தக் கருவிக்கு அது தெரியவில்லை. வரிக்கு இரண்டு இடத்தில் கண் தடுக்கினால் யாரால் படிக்க முடியும்? ஒரு மாதத்தில் விற்றுவிட்டான்.

என் ரீடரின் நிழல் இருட்டில் மட்டும், அதுவும் தேடினால்தான் தெரியும். தம்பியுடைய கொம்பு ஒவ்வொரு வரியிலும் வந்து நிற்கும். எனக்குச் சின்னக் குறை, பெரிய குறை என்பதன் கணக்கு இதுதான். பக்கம் திருப்பினால் போன பக்கத்தின் எழுத்து லேசாக நிழலாடுவது சின்னக் குறை. பக்கங்களுக்கு இடையே திரையை முழுதாகப் புதுப்பிக்கும்படி அமைப்பில் மாற்றிக்கொண்டால் போய்விடும். ஆங்கிலத்தில்கூடத் திணறும் விசைப்பலகையும் சின்னக் குறைதான், மாதத்துக்கு எத்தனை முறை தட்டச்சு செய்கிறோம்? தொட்டால் ஒரு பக்கத்துக்கு இரண்டு பக்கம் தாண்டுவது அப்படியல்ல, அந்தக் கருவி வேண்டவே வேண்டாம்.

2022இல் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்து 11 இரவு கூடவே இருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு, பக்கத்துப் படுக்கைக்காரர் விழித்துக்கொள்ளாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து, தமிழ் நூல்களை இலவச மின்னூல்களாகத் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து இறக்கிய சங்கப் பாடல்களைப் படித்துக்கொண்டிருப்பேன். நர்ஸ் கூப்பிட்டால் அப்படியே மூடி வைத்துவிட்டு ஓடுவேன். திரும்பி வந்து திறந்தால் விட்ட வரியிலேயே நிற்கும். அந்த 11 நாளும் சார்ஜரைத் தொடவில்லை. பக்கம் மாறும்போது மட்டுமே திரை மின்சாரம் எடுக்கும், வைஃபையையும் அணைத்து வைத்திருந்தேன். இந்த ஆறு வருடத்தில் இரண்டே முறைதான் உறைந்து நின்றது. பவர் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்ததும் எழுந்துவிட்டது, படித்த இடமும் தொலையவில்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் ஒரு தமிழ் மின்னூலை, அதாவது இபப் (EPUB) கோப்பைக் கையோடு கொண்டுபோய் 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' மூன்றும் ஒழுங்காகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஏ4 அளவில் ஸ்கேன் செய்த பி.டி.எஃப். நூல்கள்தான் அதிகம் படிப்பீர்கள் என்றால் ஆறு இஞ்சு வாங்கவே வாங்காதீர்கள், எழுத்து எறும்பு மாதிரி இருக்கும்.

என்னுடையதில் இப்போது சார்ஜ் போடும் துளை தளர்ந்துவிட்டது. கேபிளை ஒரு பக்கமாகச் சாய்த்து, அடியில் தீப்பெட்டியை முட்டுக்கொடுத்தால்தான் ஏறுகிறது. செல்போன் பழுது பார்ப்பவர் துளையை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை கொடுக்க வேண்டும்.