சாக்கடை வெள்ளம் புகுந்த வீட்டை ஃபினாயில் ஊற்றிக் கழுவினால் போதும் என்று இன்சூரன்ஸ் சர்வேயர் சொன்னால் நம்பாதீர்கள்

2021 நவம்பர் மழையில் கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டதும் குழித்துறை ஆறு பொங்கி எங்கள் வீட்டுக்குள்ளும் ஏறியது. முழங்காலுக்கு மேல், இரண்டு நாள் நின்றது. வெறும் ஆற்றுத் தண்ணீர் என்றால்கூடப் பரவாயில்லை, செப்டிக் டேங்க் நிரம்பி உள்ளே இருந்தது எல்லாம் கக்கூஸ் வழியாகவே வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஹோம் லோன் எடுத்தபோது பேங்கில் சேர்த்துப் போட்ட பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி இருந்தது, அதில் வெள்ளத்துக்குக் கவர் உண்டு. ஐந்தாம் நாள் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்தார். திருவனந்தபுரத்தில் இந்த மாதிரி வீடுகளைக் கிருமி நீக்கிச் சுத்தம் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள், 42,000 ரூபாய் கேட்கிறார்கள், வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், ரெண்டு ஆளை விட்டு ஃபினாயில் ஊத்திக் கழுவினா போதும். குப்பை அள்ளுறதுக்குப் பாலிசியில ரெண்டு சதவீதம்தான்" என்றார். எனக்கு ஏற்றுக்கொண்ட க்ளெய்ம் 1,80,000, அதில் 2 சதவீதம் 3,600. இடிபாடு அகற்றுகிற செலவுக்கு அந்த வரம்பு இருப்பது உண்மைதான். ஆனால் மலம் கலந்த தண்ணீரில் ஊறிய சுவரையும் தரையையும் கிருமி நீக்குவது இடிபாடு அள்ளுகிற கணக்கில் எப்படி வரும்? வீட்டைச் சரிபண்ணுகிற வேலையே அங்கிருந்துதானே தொடங்குகிறது! அன்றைக்கு எனக்கு இதை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

அவரே ஒரு கான்ட்ராக்டரின் நம்பர் கொடுத்தார். இரண்டு பேர் வந்தார்கள், ஒருவன் இருபது வயதுப் பையன், கையுறை இல்லை, காலில் செருப்புகூட இல்லை, குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு. சகதியை வாரிப் பக்கத்து விளையில் கிணற்றுக்கு நாலு அடி தள்ளிக் கொட்டினார்கள். மிச்சம் கிடந்த சகதியின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினார்கள். அழுக்கு இருக்கும்போது தூவினால் குளோரினை அந்த அழுக்கே தின்றுவிடும், கிருமிக்கு ஒன்றும் ஆகாது. முதலில் சகதியை முழுக்க எடுத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அப்புறம் லிட்டருக்கு 30 கிராம் பவுடர் கரைத்து ஊற்றி அரைமணி நேரம் ஈரமாகவே விட வேண்டும். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதோடு நிற்கவில்லை, பவுடர் போட்ட கக்கூஸ் தரையில் ஆசிட்டை ஊற்றினார்கள். மூக்கில் ஏறுகிற காட்டமான வாடை, இரண்டு பேரும் இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். குளோரின் வாயு அது, உயிரே போயிருக்கும். வேலை தொடங்கிய நான்காம் நாள் சுவரில் ஈரம் இருக்கும்போதே பிரைமர் அடித்து, மெத்தையை வெயிலில் காயவைத்து உள்ளே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நானும் பணத்தைப் பெற்றுக்கொண்டு க்ளெய்மை முடித்துக்கொள்கிறேன் என்கிற டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அதுதான் நான் செய்த தப்பு.

பத்து நாளில் அந்தப் பையன் எலிக்காய்ச்சலோடு ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் படுத்தான். குதிகால் வெடிப்பு போதும் அந்தக் கிருமி உள்ளே போக. கான்ட்ராக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு விடாத இருமல். இரண்டு மாதம் கழித்து அம்மா ரூம் பிளைவுட் அலமாரியின் பின்பலகையைக் கழற்றினோம். கறுத்த பூஞ்சை பஞ்சு மாதிரி அப்பியிருந்தது, அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் சகதி காயாமல் அப்படியே, கையை வைத்தால் பலகை பிட்டு மாதிரி உதிர்ந்தது. பிளைவுட், மெத்தை, ஜிப்சம் போர்டு இதெல்லாம் கழிவுநீரில் ஊறிவிட்டால் காயவைத்துப் பயனில்லை, வெட்டி எடுத்துத் தூரப் போட வேண்டும். விவரம் தெரிந்த ஆள் வந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான்.

திரும்ப க்ளெய்ம் போட்டேன். பராமரிப்புக் குறை, அதோடு வவுச்சரில் முழுத் திருப்தி என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று மறுத்தார்கள். அப்படிக் கையெழுத்துப் போட்டதாலேயே கூடுதல் கேட்கிற உரிமை போய்விடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிற இர்டா 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதைச் சேர்த்து முதலில் கம்பெனிக்குப் புகார், ஒரு மாதம் பதில் இல்லை, அப்புறம் சென்னையில், இந்த மாதிரிப் புகார்களை விசாரித்துத் தீர்க்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் வீடு என்றால் கொச்சி ஆபீஸ். விசாரணைக்கு முன்னாலேயே கம்பெனி இறங்கி வந்து 96,000 கொடுத்தது, 42,000-ஐ மிச்சம் பிடிக்கப் போய்!

இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து உங்கள் சர்வேயருக்குச் சொல்லுங்கள், சாக்கடை புகுந்த வீட்டுக்குத் தெரிந்த ஆளை அனுப்பி, எதைக் கழுவலாம் எதை வீச வேண்டும் என்று எழுத்தில் வாங்கி, ஈரம் அளந்த பிறகு பெயின்ட் அடிக்கச் சொல்ல வேண்டும் என்று.

வீட்டுக்காரர்கள், சர்வேயர் வாயால் சொல்வதை அன்றைக்கே மெயிலில் போட்டு வையுங்கள், அலமாரியை நகர்த்திப் பின்பக்கம் போட்டோ எடுங்கள். வேலைக்கு வருகிறவர்களுக்குக் கம்பூட்ஸும் கையுறையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள், டாக்டரிடம் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் கேட்டு வாங்கிக் கொடுங்கள். அந்தப் பையன் ஒன்பது நாள் கிடந்தான், ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் கண் மஞ்சளாக இருந்தது, அப்போதும் "சார், அந்த மூணு நாள் கூலி இன்னும் தரல்லே" என்றுதான் கேட்டான்.